புளி போட்டுத் துலக்கிய காசுகள்

அன்புள்ள செபா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் சாமான்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாய். உதவிக்கு ரோஸி வந்திருந்தாள். அலமாரிக்கு மேலே கையை விட்டுத் துழாவி, பழைய பிஸ்கட் டின் ஒன்றை இறக்கி, மூடியைத் திறந்து அவளிடம் காட்டினாய். "இவ்வளவு பழைய காசா! யாரோடது இது?" என்று அவள் கேட்டாள். "அம்மாவோடது. ஒரு காலத்துல அம்மா பெரிய காயின் கலெக்டர் லா. நான் சின்னப் பையனா இருக்கும்போது எல்லாத்தையும் கெடுத்துட்டேன். அதோட அம்மா விட்டுட்டாங்க" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, சரிதானே?" என்றாய். "பழைய கதை எதுக்குடா இப்போ" என்று சொல்லிவிட்டு நான் அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன். நீ ரோஸிக்காகத்தான் சிரித்தாய். ஆனால் 'கெடுத்துட்டேன்' என்ற சொல் வந்தபோது உன் கட்டை விரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சின்ன வயதில் ஏதாவது தப்புச் செய்துவிட்டு என் முன்னால் நிற்கும்போது நீ செய்வது அது. பதின்மூன்று வருஷமாக இதை நீ சுமந்துகொண்டிருக்கிறாய் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இன்னும் மூன்று வாரத்தில் உனக்கும் ரோஸிக்கும் கல்யாணம். சுவா சூ காங்கில் புது வீட்டுச் சாவி வாங்கிவிட்டாய். நாங்கள் இருவரும் இந்த ஈசூன் வீட்டில் இருப்போம். எம்.ஆர்.டி. ரயில் வந்துவிட்டாலும் நீ இருக்கிற பக்கத்துக்கு நேராக வர வழியில்லை, இரண்டு பஸ் மாற வேண்டும் என்று உன் அப்பா இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். நீ போவதற்கு முன் அந்த டின்னைப் பற்றிய உண்மையை நான் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். நேரில் சொல்ல வந்தால் "பரவால்ல லா அம்மா" என்று பாதியிலேயே என் வாயை அடைத்துவிடுவாய். எல்லாருக்கும் நல்லவனாக இருந்து பழகிவிட்டாய் நீ. அதனால்தான் எழுதுகிறேன். நிறுத்தாமல் கடைசி வரைக்கும் படி.

உனக்கு நான்கு வயது ஆனபோது நான் பஸ் கண்டக்டர் வேலைக்குப் போனேன். அப்போது நாம் பஃபலோ ரோட்டில், கடைக்கு மேலே மாடியில், இரண்டு அறையில் குடியிருந்தோம். உன் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பொம்பளை பஸ்ஸில் பை மாட்டிக்கொண்டு நிற்பதா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். உன் அப்பா தடுக்கவில்லை. முதல் நாள் தோலில் செய்த அந்தக் காசுப் பையின் வாரை என் உயரத்துக்குத் தகுந்தபடி அவரே ஓட்டை போட்டுக் கொடுத்தார். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, செபா. காலையில் முதல் பஸ்ஸில் ஏறுகிற மீன் சந்தைக்காரர்களிலிருந்து மத்தியானம் பள்ளி விட்டு வருகிற பிள்ளைகள் வரை எல்லாருடைய கைச்சூடும் காசில் ஒட்டிக்கொண்டுதான் என் பைக்கு வரும். புதுக் காசுகள் அழகாக இருந்தன. பத்துக் காசில் கடல்குதிரை, இருபது காசில் வாள் மாதிரி மூக்குள்ள மீன். அவற்றுக்கு நடுவே எப்போதாவது பழைய காலத்துக் காசு ஒன்று ஏமாற்றிவிட்டு உள்ளே வந்துவிடும்.

ஒருநாள் ஒரு மலாய்ப் பெரியவர் டிக்கெட்டுக்குக் கொடுத்த சில்லறையில் சதுரமாக ஒரு காசு இருந்தது. மூலைகள் மழுங்கி, புகையிலை நிறத்தில், தலையில் கிரீடம் வைத்த ராஜா. "இது இப்போ செல்லாது பாச்சிக்" என்று, மாமா முறை வைத்து அவருடைய பாஷையில் சொன்னேன். "தெரியும். இது செல்லுபடியான காலத்துல இதை வச்சு நான் ஒரு துண்டு கரும்பு வாங்குவேன்" என்று சொல்லி அவர் சிரித்தார். அதற்கு ஈடாக நான் என் காசைப் பையில் போட்டுவிட்டு அந்தச் சதுரக் காசை முந்தானையில் முடிந்துகொண்டேன். அப்படித்தான் ஆரம்பித்தது. அதன் மேல் இருந்த எழுத்து என்ன, வருஷம் என்ன, யார் அந்த ராஜா என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் கேட்டேன். தெரிந்தவர்கள் சொன்னார்கள். தெரியாதவர்கள் அடுத்த நாள் வீட்டிலிருந்து வேறொரு பழைய காசைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் ஒரு பால் டின் நிறைந்துவிட்டது. அந்த ஒரு வருஷம் சந்தோஷமான வருஷம். அதை நான் இப்போதும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகுதான் சுங்கை ரோட்டுச் சந்தைக்குப் போக ஆரம்பித்தேன். தரையில் சாக்கை விரித்துப் பழைய சாமான் விற்கிற இடம் அது, உனக்கு நன்றாகத் தெரியும். அங்கே காசு விற்கிற சீனர் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமை தோறும் போய் உட்கார்ந்தேன். சதுர ஒரு காசுகளில் எல்லா வருஷமும் என்னிடம் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் வந்தது. இரண்டு ராஜாக்கள், ஒரு ராணி, ஒவ்வொருவர் காலத்திலும் இத்தனை வருஷம் என்று நோட்டில் கோடு போட்டு வைத்தேன். பழைய காசைக் கழுவவே கூடாது, அந்தக் கருப்பு ஏறத்தான் இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது, அதை எடுத்துவிட்டால் வாங்குகிறவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான் என்று அந்தச் சீனர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் அதை உனக்குச் சொல்லித்தரவில்லை. நீ பக்கத்தில் வந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் "தொடாதே" என்று மட்டும் சொன்னேன். ஏன் தொடக்கூடாது என்று ஒரு தடவையாவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பின்னால் நடந்தது நடந்தே இருக்காது. முன்பின் தெரியாதவர்களிடம் பஸ்ஸில் அவ்வளவு பேசினேன். உன்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினேன்.

இனி சொல்லப்போவது நீ அறியாதது. நீ முதல் முறையாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாள் ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஒன்பது வயது. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கையில் மெழுகுவத்தி. என் வரிசையில் ஒரே ஒரு வருஷத்துக் காசு மட்டும் குறைவாக இருந்தது. அந்த ஞாயிறு காலையில் கொண்டுவருவதாகச் சீனர் சொல்லியிருந்தார். பூசைக்கு இன்னும் நேரம் இருக்கிறதே, கோயிலிலிருந்து சுங்கை ரோட்டுக்குக் கூப்பிடு தூரம்தானே என்று, உன்னை அப்பாவிடம் விட்டுவிட்டுப் "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று போனேன். அவர் வரத் தாமதமாயிற்று. நான் காத்திருந்தேன். கோயில் மணி அடித்தது எனக்குக் கேட்டது, செபா. கேட்டும் நான் எழுந்திருக்கவில்லை. காசை வாங்கிக்கொண்டு ஓடி வந்து பின்வாசலில் நுழைந்தபோது பிள்ளைகள் நற்கருணை வாங்கிவிட்டு வரிசையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நீ கைகளைக் கூப்பிக்கொண்டு நடந்து வந்தாய். தலையைத் திருப்பக்கூடாது என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கண்ணை மட்டும் இரண்டு பக்கமும் ஓட்டி நீ என்னைத் தேடினாய். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். மூன்று வருஷமாகத் தேடிய காசு என் உள்ளங்கையில் இருந்தது. ஒரு சந்தோஷமும் வரவில்லை. ஒரு சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது. அன்றைக்கு, அந்த இடத்தில், எனக்குக் காசு மேல் இருந்த ஆசை விட்டுப்போய்விட்டது. வீட்டுக்கு வரும் வழியில் "நீங்க பாத்தீங்களாம்மா?" என்று கேட்டாய். "பாத்தேன்யா, நல்லா பாத்தேன்" என்று சொன்னேன்.

அன்றைக்கே விட்டிருக்கலாம். என் வீம்பு விடவில்லை. அதற்கு முன் எத்தனை ஞாயிறு உன் அப்பாவிடம் சண்டை போட்டிருக்கிறேன்! "உங்களுக்கு ஃபுட்பால் இருக்கு, எனக்கு இது இருக்கக் கூடாதா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்திருக்கிறேன். இப்போது போய், எனக்கு அலுத்துவிட்டது என்று எந்த முகத்தோடு சொல்வது? அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்கை ரோட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பி, கால்வாய்ப் பக்கம் நடந்துவிட்டு, ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்துவிட்டு வருவேன். காசுப் பெட்டியைத் திறப்பதே இல்லை. வீட்டில் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். நீ கவனித்துக்கொண்டிருந்தாய்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். நம் வீட்டு மாதா படத்துக்கு முன்னால் இருந்த பித்தளை மெழுகுவத்தித் தண்டை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் புளி போட்டுத் துலக்குவேன். நீ பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தண்ணீர் ஊற்றுவாய். கருப்பு போய்ப் பொன் மாதிரி வரும்போது கை தட்டுவாய். அந்த வருஷம் நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நீ ஒரு பெரிய புளி உருண்டையைக் கரைத்து, பெட்டியிலிருந்த காசு அத்தனையையும் கொட்டி, ஒவ்வொன்றாகத் தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறாய். மத்தியானம் நான் படியேறி வந்தபோது, தரையில் செய்தித்தாளை விரித்து, ராஜாக்கள் ஒரு வரிசை, ராணி ஒரு வரிசை என்று நான் வைத்திருந்த அதே வரிசையில் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு நீ நின்றாய். எல்லாம் பளபளவென்று புதுச் செம்பு மாதிரி மின்னின. உன் விரல் நுனிகள் ஊறிப்போய்ச் சிவந்திருந்தன. "அம்மா, அழுக்காயிடுச்சுன்னுதானே நீங்க பாக்கறதே இல்ல? நான் எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டேன். ஹேப்பி கிறிஸ்மஸ்" என்றாய்.

நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், நான் மறக்கவில்லை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். "கொன்னுட்டியேடா எல்லாத்தையும்!" என்று கத்தினேன். உன் முதுகில் இரண்டு அடி வைத்தேன். "இனிமே இது ஒரு வெள்ளி விலை போகுமா? இத்தனை வருஷம் சேத்தது. எல்லாம் உன்னாலதான் போச்சு" என்றேன். நீ அழவில்லை. "மெழுகுவத்தித் தண்டு மாதிரிதானேம்மா செஞ்சேன்" என்று மட்டும் சொன்னாய்.

அந்த நேரத்தில் எனக்குள்ளே என்ன இருந்தது என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. கோபம் கொஞ்சம்தான். அதற்கு அடியில் 'அப்பாடா' என்று இருந்தது. இனிமேல் நான் சுங்கை ரோட்டுக்குப் போக வேண்டாம். யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம். காரணம் என் எதிரிலேயே, நார் துணுக்கு ஒட்டின கையோடு நின்றுகொண்டிருந்தது. அக்கம்பக்கத்தார் "என்ன, இப்போல்லாம் காசு சேக்கறது இல்லையா?" என்று கேட்டால், "இவன்தான் புளி போட்டுக் கழுவிட்டானே" என்று உன்னைக் காட்டிச் சொல்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். நீயும் பக்கத்தில் நின்று சிரிக்கக் கற்றுக்கொண்டாய். ஏழு மாதத்துக்கு முன்பே செத்துப்போன என் ஆசைக்கு ஒரு பத்து வயசுப் பிள்ளையைப் பொறுப்பாளி ஆக்கினேன். நான் உனக்குச் செய்த பெரிய தப்பு அந்த இரண்டு அடி இல்லை, செபா, இதுதான்.

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு சந்தர்ப்பமும் வந்தது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனுக்குக் கொஞ்ச நாள் முன்னால் உன் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, நீ இடைவேளையில் ஒன்றும் வாங்கிச் சாப்பிடுவதில்லை என்று சொன்னார். வீட்டுக்கு வந்து கேட்டேன். நீ பள்ளிப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த ஒரு காசை எடுத்து நீட்டினாய். சதுரக் காசு, நல்ல கருப்பு. இடைவேளைக் காசைச் சேர்த்து வைத்து, தனியாகச் சுங்கை ரோட்டுக்குப் போய் அதே சீனரிடம் வாங்கியிருக்கிறாய். "இதை நான் கழுவலம்மா. இதுலேர்ந்து மறுபடி சேத்துடலாம்" என்றாய். அப்போது உன்னைக் கட்டிப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். "நல்லாருக்குடா" என்று சொல்லி வாங்கி, கழுவின காசுகளைக் கொட்டி வைத்திருந்த அந்த பிஸ்கட் டின்னில் போட்டு, அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். உன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் கேட்பதை விட்டுவிட்டாய். சோறு போதுமா என்றால் போதும், புதுச் சட்டை வேண்டுமா என்றால் வேண்டாம். வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி நடந்துகொண்டாய்.

பிறகு ஒருநாள் நான் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். உன் அப்பா உன் பையில் ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது?" என்று கேட்டார். பள்ளியில் நீச்சல் வகுப்பாம், அதற்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். கெடு தாண்டி இரண்டு நாள் ஆகியிருந்தது. "அம்மாகிட்ட ஏன் காட்டல?" என்றார். "அம்மாவுக்குத் தண்ணின்னா பயம்பா. ஏசுவாங்க. எனக்கு ஒண்ணும் வேணாம், நான் அம்மாகிட்ட எதுவும் கேக்க மாட்டேன்" என்று நீ மெல்லச் சொன்னாய். எனக்குத் தண்ணீர் பயம்தான். சின்னப் பெண்ணாக இருந்தபோது ஜொகூரில் ஒரு வெள்ளத்தில் ராத்திரி முழுக்க எங்களைக் கூரை மேல் உட்காரவைத்திருந்தார்கள், அன்றிலிருந்து முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் எனக்கு மூச்சு முட்டும். ஆனால் அன்றைக்கு என்னைப் பயமுறுத்தியது உன் குரல்தான். அதில் கோபமே இல்லை. என் பிள்ளை என்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்காமல் வாழப் பழகிக்கொண்டுவிட்டான் என்று தெரிந்தது.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும், "செபா, உன் குட்டை கால்சட்டையை எடுத்துக்க, ஃபேரர் பார்க் குளத்துக்குப் போறோம்" என்றேன். நீ நம்பவில்லை. உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாய். என்னோடு பஸ்ஸில் வேலை பார்த்த சியூ லானையும் வரச் சொல்லியிருந்தேன். அவளுக்கு நன்றாக நீந்தத் தெரியும். ஆழம் குறைந்த பக்கத்தில் அவள் உனக்குக் கால் உதைக்கச் சொல்லிக்கொடுத்தாள். நான் படிக்கட்டில் சேலையோடு உட்கார்ந்து, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று ஞாயிறு அப்படிப் போயிற்று. நான்காவது ஞாயிறு சியூ லான் குடிக்கத் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் உன் தலை தண்ணீருக்குள் போனது. நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். தலை மேலே வரவில்லை. எப்படி எழுந்தேன், எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்போடு, சேலையோடு, கைப்பையோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். நெஞ்சு வரைக்கும் தண்ணீர். சேலை காலைச் சுற்றிக்கொண்டது. ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. உன் பெயரைச் சொல்லி அலறினேன். அப்போது நீ ஐந்தடி தள்ளி எழுந்து நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆச்சரியமாக என்னைப் பார்த்தாய். மூச்சைப் பிடித்து எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாயாம்!

குளத்தைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். உயிர்காப்பாளர் ஊதலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார். என்னால் நின்ற இடத்திலிருந்து அசைய முடியவில்லை. நீ தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாய். கிறிஸ்துமஸுக்குப் பிறகு நீயாக வந்து என்னைத் தொட்டது அன்றைக்குத்தான். "அம்மா, பயப்படாதீங்க. இங்க ஆழம் இல்ல, கால் எட்டுது பாருங்க. என்னையே பாருங்க, மெதுவா வாங்க" என்று பேசிக்கொண்டே என்னைப் படி வரைக்கும் கூட்டிவந்தாய். கரையில் உட்கார்ந்து சேலையைப் பிழிந்தபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "நீங்களும் கத்துக்கலாம் லா அம்மா. நான் பிடிச்சுக்கறேன்" என்றாய். சியூ லான் வந்து பார்த்துவிட்டு, "ஜங்ஙான் தாகுட், பயப்படாதே, அடுத்த வாரம் உனக்கும் சேர்த்துச் சொல்லித்தருகிறேன்" என்று மலாயில் சொன்னாள்.

முப்பத்தாறு வயதில் நான் நீச்சல் பழகினேன். உன் அப்பாவின் பழைய டீ சட்டையும், நானே தைத்த முழங்கால் வரை வரும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு இறங்குவேன். நீ என் முகவாய்க்கு அடியில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டு, "ஒன், டூ, மூச்சு விடுங்கம்மா" என்று உரக்கச் சொல்வாய். உன் பள்ளிக்கூடத்துப் பையன்கள் பார்த்துச் சிரித்தபோதும் நீ கையை எடுக்கவில்லை. நான் பயத்தில் உன் தோளைக் கீறியிருக்கிறேன், எரிச்சலில் உன்னை ஏசியிருக்கிறேன். ஒரு நாளாவது நீ அலுத்துக்கொண்டதில்லை. முங்கிப் பழகுவதற்குச் சியூ லான் பத்துக் காசை அடியில் போட்டு எடுக்கச் சொல்வாள். நாலு மாதம் கழித்து ஒருநாள் கண்ணைத் திறந்துகொண்டு அடிவரை போய் அதை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். நீ குளம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாய். அந்தக் காசை என்ன செய்தோம் தெரியுமா? வெளியே வந்து ஆளுக்குக் கொஞ்சம் கச்சாங் பூத்தே கடலை வாங்கித் தின்றோம். எந்த வருஷத்துக் காசு என்று திருப்பிப் பார்க்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நம் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அங்கேதான் கழிந்தன. பஸ்களில் பயணிகளே பெட்டியில் காசு போடுகிற முறை வந்து, கண்டக்டர்கள் தேவையில்லை என்று எங்களையெல்லாம் அனுப்பியபோது நான் மூன்று நாள் சாப்பிடாமல் படுத்திருந்தேன். "அம்மா, குளத்துல ஆள் எடுக்கறாங்களாம்" என்று பத்திரிகைத் துண்டைக் கொண்டுவந்தவன் நீதான். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தவனும் நீதான். டிக்கெட் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். மெல்ல மெல்ல, குளிக்க வருகிற பிள்ளைகளைக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் நம் பெண்களிடம் பேச ஆரம்பித்தேன். பயந்துகொண்டிருந்த எத்தனையோ பேரை என் ஓய்வு நேரத்தில் தண்ணீரில் இறக்கிவிட்டேன். கணவரை இழந்த ஒருத்தி முதல் முறை மிதந்தபோது, "அக்கா, உடம்பே இல்லாத மாதிரி இருக்குக்கா" என்றாள். இவ்வளவும் எனக்கு உன்னால் வந்தது. ரோஸியிடம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்.

நீ குடும்பஸ்தன் ஆகப்போகிறாய். உனக்கும் ஏதாவது ஒன்றின் மேல் ஆசை வரும், போகும். வரும்போது வீட்டில் இருப்பவர்களையும் கிட்டே சேர்த்துக்கொள், தொடாதே என்று சொன்னால் ஏன் என்றும் சொல். போகும்போது போய்விட்டது என்று ஒத்துக்கொள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அலுத்துப்போனதை மறைப்பதற்காக நான் கட்டின பொய்க்குத்தான் நான் வெட்கப்படுகிறேன். உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்கள் எதையாவது ஆசையாகக் கெடுத்து வைத்துவிட்டு உன் முன்னால் வந்து நின்றால், முதலில் அவர்கள் கையைப் பார். அதற்குப் பிறகு கோபப்படு. ரோஸி நல்ல பெண். உனக்கு வேண்டியதை அவளிடம் வாய் விட்டுக் கேள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லப் பழகினது என்னால், அதை அவளிடமும் கொண்டுபோகாதே.

இதை எழுத உட்காருவதற்கு முன் முதல் முறையாக உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியை நிறுத்தாமலேயே, "எனக்குத் தெரியும்" என்றார். "என்ன தெரியும்?" என்றேன். "புதுநன்மை அன்னிக்கு நீ தூணுக்குப் பின்னால நின்னது தெரியும். அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை நீ காப்பிக்கடையில உக்காந்திருந்ததும் தெரியும். கூட்டாளிங்க வந்து சொன்னாங்க" என்றார். "அப்போ இத்தனை வருஷமா ஏங்க நீங்க அவன்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "நான் சொன்னா, அம்மா பொய் சொன்னாங்கன்னு அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான். நீ சொன்னாத்தான் அவனுக்கு அம்மா கிடைப்பா" என்றார்.

அதனால் நானே சொல்கிறேன், செபா. நீ எதையும் கெடுக்கவில்லை. கோபம் வந்தால் கோபப்படு. கல்யாண நேரமாச்சே என்று அடக்கிக்கொள்ளாதே. ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தாலும் தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்து, என்னிடம் ஏதாவது ஒன்று கேள். பெரிதோ சின்னதோ, 'அம்மா, எனக்கு இது வேணும்' என்று கேள். நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா